ஒரு போனும் ஒரு லயமும்: அப்புத்தளைத் தோட்டப் பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு

இணையத்தில் பிள்ளைகளைக் காப்பது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே வகைக் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன: பிள்ளையிடம் தனிப் போன், அருகில் நேரமும் தொழில்நுட்ப அறிவும் உள்ள பெற்றோர். இலங்கையின் அப்புத்தளை, தம்பேதென்ன மலைகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இந்தக் குடும்பத்தைக் காண்பது அரிது. பாடசாலை பிற்பகல் ஒன்றரைக்கு விட்டுவிடும். தாய் கொழுந்து நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப மாலையாகிவிடும். தகப்பன் கொழும்பிலோ தாய் மத்திய கிழக்கிலோ இருக்கும் வீடுகளில் மேற்பார்வை பாட்டியின் கையில். நாட்டின் கணினி எழுத்தறிவுக் கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளுள் தோட்டத்துறையே கடைசியில் நிற்கிறது. ஆகவே கண்காணிப்பை வீட்டின் தலையில் கட்டும் எந்தத் திட்டமும் இங்கே தோற்கும் என்பதும், முதற்பொறுப்பு பாடசாலையினுடையது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வரலாறும் அப்படித்தான் சொல்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது போனை வீட்டுக்குள் கட்டாயப் பொருளாக்கியது கல்விதான். 2021இல் பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் மாணவரும் சிக்னல் தேடிப் பாறை ஏறிய செய்தி உலகெங்கும் போனது. சிக்னல் கிடைத்த வீட்டுக்குள் வேறு என்னென்ன வந்தன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஒரே போனைத் தகப்பன், அண்ணன், தங்கை மூவரும் பயன்படுத்தும்போது கணக்கு பெரியவர் பெயரில் இருக்கிறது. 2024இல் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த பதின்வயதினர் கணக்கு போன்ற காப்புகள் பெரும்பாலும் பதிவான வயதை நம்பியே இயங்குகின்றன. தகப்பனின் கணக்கில் நுழையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவற்றின் பார்வையில் நாற்பது வயதுக்காரர். அண்ணன் பார்த்ததை ஒட்டி வரும் காணொளிகள் தங்கையின் முன்னும் விரிகின்றன. இதில் பாடசாலைக்கும் பங்குண்டு. வகுப்புக்கென்று தொடங்கும் சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். வீட்டுப்பாடம் அனுப்ப ஒருவழி அறிவிப்புப் பட்டியல் போதுமானதாக இருக்க, மாணவியின் வீட்டு எண்ணை ஏன் இத்தனை பேர் கையில் கொடுக்க வேண்டும்?

‘பொட்டப் புள்ளைக்கு எதுக்குப் போன்?’ என்பது லயத்தில் எளிதாகக் கிடைக்கும் தீர்வு. அதையே அரசு அளவில் செய்துபார்க்கிறது ஆஸ்திரேலியா. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கு எதிரான தடை 2025 டிசம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. கணக்கே பிள்ளையின் பெயரில் இல்லாத இடத்தில் அத்தகைய தடை எதைத் தடுக்கும்? தடையின் பெருந்தீங்கு வேறொன்று: படத்தைக் காட்டி மிரட்டப்படும் சிறுமி, சொன்னால் போனும் போகும், படிப்பும் போகும் என்று அஞ்சி வாயடைத்துப்போகிறாள். மிரட்டுபவனின் பலமே அந்த மௌனம்தான். இலங்கையில் சட்டம் இருக்கிறதே எனலாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், கருத்துரிமை பற்றிய கடுமையான கண்டனங்களுக்கிடையே, நிறைவேறியது. ஆனால் பாதிப்பைச் சொல்ல ஒருவர் முன்வராதவரை எந்தச் சட்டமும் அந்த லயத்தின் கதவைத் தட்டாது.

ஆசிரியர் பற்றாக்குறை உள்ள தோட்டப் பாடசாலைகள்மேல் இன்னொரு சுமையா என்ற மறுப்பு நியாயமானது. நான் அதை இலேசாகத் தள்ளவில்லை. எனினும் இங்கே கேட்பது புதிய பாடமன்று. பிள்ளைகள் நம்பிச் சொல்லக்கூடிய ஓர் ஆசிரியரை, முடிந்தால் ஆசிரியையை, அதிபர் பெயர் சொல்லி அறிவிக்கலாம். சொன்ன பிள்ளையின் போன் பறிக்கப்படாது என்று பெற்றோர் கூட்டத்தில் உடன்பாடு காணலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணை வகுப்பறைச் சுவரில் தமிழில் எழுதிவைக்கலாம். அந்த எண்ணை அழைக்கும் பிள்ளைக்குத் தமிழிலேயே பதில் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டியது அரசு.