சூரியப் படங்களும் மூளை அலைகளும்

பழனி மலைத் தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கோடைக்கானல் வானாய்வு நிலையம். 1876-78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின், சூரியனில் நிகழும் மாறுதல்களுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. இந்நிலையம் தோன்ற அதுவும் ஒரு காரணம். 1899இல் மிச்சி ஸ்மித் தலைமையில் பணி தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான்.

புகைப்படத் தகடுகளோடு வேறொரு செல்வமும் இங்கு உண்டு. 1904 முதல் நூறாண்டுகளுக்கு மேலாகக் கையால் வரைந்துவந்த சூரியப் படங்களே அவை. அட்ச, தீர்க்கக் கோடுகளிட்ட தாளில் புள்ளிகள், ஒளித்திட்டுகள், இழைகள், விளிம்பில் எழும் தழல்கள் ஆகியவற்றை வெவ்வேறு வண்ணங்களில் குறித்தனர்.

இப்படங்களைக் கணிப்பொறி எவ்வாறு படிக்கும்? 'இன்ன நிறமானால் இழை' என்று ஒரே விதியை வகுத்தால் போதாது. நூறாண்டில் வரைந்த கைகள் மாறும், மை மங்கும், தாள் பழுப்பேறும். ஆகவே 'கே-மீன்ஸ்' என்ற தொகுப்பு முறை கைகொடுக்கிறது. படத்தின் ஒவ்வொரு நுண்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. முதலில் சில எண் தொகுதிகளை மையங்களாகக் கொள்வர். ஒவ்வொரு நுண்புள்ளியும் தனக்கு அருகிலுள்ள மையத்தைச் சேரும். பின் ஒவ்வொரு குழுவின் சராசரியே அதன் புதிய மையமாகும். மையங்கள் நிலைபெறும் வரை இது தொடரும். எந்தச் சாயல்கள் உள்ளன என்பதை அந்தந்தத் தாளே சொல்லிவிடுகிறது! 1954 முதல் 1976 வரையிலான இரு சூரியச் சுழற்சிகளின் இழைகளை இம்முறையில் ஆராய்ந்த முடிவுகள் 2023இல் வெளியாயின.

மூளை அலைகளை ஆராய்வோர்க்கும் இதே இடர்ப்பாடுதான். 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். கண்மூடி ஓய்வாயிருக்கையில் எழும் ஆல்ஃபா அலை விநாடிக்கு 8 முதல் 13 முறை அதிரும். ஆனால் ஒருவருக்கு 9 என்றால் மற்றொருவருக்கு 11 ஆகலாம். மண்டையோட்டின் தடிப்பும் மின்வாய்களின் இருப்பிடமும் அலையின் வலிமையை மாற்றும். ஆகவே ஒருவரின் அலைகளைக் கொண்டு பழக்கிய கணிப்பொறி இன்னொருவரிடம் தடுமாறுகிறது. கைகால் அசைக்க இயலாதவர் எண்ணத்தால் கருவியை இயக்க வேண்டுமானால், முதலில் நெடுநேரம் அதற்குப் பயிற்சி தர வேண்டியுள்ளது. நோயாளிக்கு இது பெரும் சுமை. ஒவ்வொருவரின் அளவீடுகளையும் பொது மையத்திற்கு நகர்த்தி, பிறகு வகைப்படுத்தினால் இச்சுமை குறைகிறது.

ஒன்றை மறக்கலாகாது. தொகுப்பு முறை பிரித்துக் காட்டுமே தவிர, பிரித்தது சரியா என்று சொல்லாது. கோடைக்கானலில் அதே காலத்துப் புகைப்படத் தகடுகளுடன் முடிவுகளை ஒப்பிட்டனர்; அவை நன்கு பொருந்தின. மூளைக்கு அத்தகைய தகடு ஏதும் இல்லை. 'வலக்கையை அசைப்பதாக நினையுங்கள்' என்று ஒருவரிடம் சொல்லி, அப்போது பதிந்த அலைகளே அங்கு உரைகல்லாகின்றன.