ஏரி, தடகளம், கால்பந்து, பதவியேற்பு: பெங்களூரு கன்டீரவா மைதானம் யாருக்குச் சொந்தம்?

ஆஸ்டின் டவுனில் வாடகைக்கு வீடு பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மைதானம் வந்துவிடும். அசோக் நகர் பக்கம் போனால் கால்பந்து ஸ்டேடியம், அக்கிதிம்மனஹள்ளி பக்கம் போனால் ஹாக்கி ஸ்டேடியம். இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி, கப்பன் பார்க்கை ஒட்டி, நகரின் பெரிய பல்நோக்கு அரங்கமான ஸ்ரீ கன்டீரவா ஸ்டேடியம்.

இந்த மூன்றுக்கும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. மூன்றுமே ஒரு காலத்தில் ஏரிகள். கால்பந்து ஸ்டேடியம் ஷூலே ஏரி, ஹாக்கி ஸ்டேடியம் அக்கிதிம்மனஹள்ளி ஏரி, கன்டீரவா சம்பங்கி ஏரி. பக்கத்தில் உள்ள சம்பங்கிராம நகரின் பெயரில் அந்த ஏரி இன்னும் இருக்கிறது.

ஏரி எப்படி மைதானம் ஆனது?

கெம்பே கவுடா காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சம்பங்கி ஏரி, பழைய பேட்டைக்கும் பிரிட்டிஷ் கன்டோன்மென்ட்டுக்கும் நடுவில் இருந்தது. குடிநீர், தோட்டப் பாசனம், செங்கல் அறுப்பது, மாடு மேய்ப்பது என எல்லாவற்றுக்கும் அதுதான். இன்றைய வார்த்தையில் சொன்னால், ஏரியே ஒரு பல்நோக்கு இடம்.

1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. குடிநீருக்கு இந்த ஏரி தேவையில்லை என்றானதும் அதன் மதிப்பு குறைந்தது. ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றார்கள் தோட்டக்காரர்கள். தண்ணீர் ஏறினால் போலோ மைதானம் நனைகிறது என்றது இன்னொரு தரப்பு. இந்த இழுபறியை ஆய்வாளர்கள் ஹிதா உன்னிகிருஷ்ணன், பி. மஞ்சுநாதா, ஹரிணி நாகேந்திரா ஆகியோர் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் வைத்து 2016இல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கடைசியில் ஏரி கொஞ்சம் கொஞ்சமாக வற்றவைக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளையாட்டுத் திடலானது.

ஏரி முழுசாகப் போய்விடவில்லை. ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு சின்னக் குளம் மிஞ்சியிருக்கிறது. தோட்டத் தொழிலோடு நெருங்கிய திகளர் சமூகத்தினர் நடத்தும் பெங்களூரு கரகத் திருவிழாவில் இந்தக் குளத்துக்கு இன்றும் இடம் உண்டு. தமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் விழாக்களைப் பார்த்தவர்களுக்குக் கரகம் அந்நியமாகத் தெரியாது.

கன்டீரவா யார்?

17ஆம் நூற்றாண்டு மைசூர் மன்னர் ரணதீர கன்டீரவ நரசராஜ உடையார். மல்யுத்தத்தில் பெயர் பெற்றவர். மாறுவேடத்தில் திருச்சிராப்பள்ளிக்குப் போய், அங்கே யாராலும் வெல்ல முடியாத மல்லனை வீழ்த்தினார் என்று ஒரு கதை உண்டு. விளையாட்டு அரங்கத்துக்குப் பொருத்தமான பெயர்தான். (கன்டீரவா ஸ்டுடியோ வேறு இடம். அது ராஜ்குமார் நினைவிடம் உள்ள பகுதி.)

அங்கே என்னவெல்லாம் நடக்கிறது?

1997 தேசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி மைதானம் இன்றைய வடிவத்துக்கு வந்தது. சுமார் 25,000 பேர் உட்காரலாம். அதன் பிறகு நடந்தவற்றில் சில:

- 2006: நடிகர் ராஜ்குமார் உடலுக்கு மக்கள் அஞ்சலி. 2021இல் அவர் மகன் புனீத்துக்கும் இங்கேதான்.
- 2014: புரோ கபடி முதல் சீசன், வளாகத்தின் உள்ளரங்கில். பெங்களூரு எஃப்சி கால்பந்து அணி, அசோக் நகர் ஸ்டேடியத்திலிருந்து பெரிய மைதானத்துக்கு மாறியதும் இதே ஆண்டுதான்.
- 2017: அதே உள்ளரங்கில் ஆசியக் கோப்பை பெண்கள் கூடைப்பந்து. இந்தியா கஜகஸ்தானை 75-73 என வென்று பி பிரிவில் முதலிடம் பிடித்தது.
- 2023: மே 20இல் முதல்வராக சித்தராமையா பதவியேற்பு. ஜூலை 4இல் அதே மைதானத்தில் குவைத்தை பெனால்டியில் வென்று இந்தியாவுக்கு சாஃப் கால்பந்துக் கோப்பை.
- 2025: ஜூலை 5இல் நீரஜ் சோப்ரா கிளாசிக் ஈட்டி எறிதல். நீரஜ் 86.18 மீட்டர் எறிந்து முதலிடம்.

அப்புறம் என்ன சண்டை?

சண்டை வடிவமைப்பிலேயே இருக்கிறது. 400 மீட்டர் ஓடுபாதையின் நேர்ப்பகுதி சுமார் 84 மீட்டர். சர்வதேசக் கால்பந்துத் திடலின் வழக்கமான நீளம் 105 மீட்டர். ஆக, ஒவ்வொரு முனையிலும் சுமார் 10 மீட்டர் திடல் வளைவுப் பகுதிக்குள் நீளும். உயரம் தாண்டுதல், ஈட்டி ஓட்டப்பாதை எல்லாம் அந்தப் பகுதியில்தான் வரும். வட்டும் சுத்தியும் ஈட்டியும் விழுந்தால் புல்லில் குழி விழும். கால்பந்து ரசிகருக்கோ, ஓடுபாதை நடுவில் இருப்பதால் கோல் தூரத்தில் தெரியும்.

பெங்களூரு எஃப்சி வந்த பிறகு, ஆட்ட நாட்களிலும் அதற்கு முன்பும் பயிற்சி கிடைப்பதில்லை என்று தடகள வீரர்களும் பயிற்சியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கிளப் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு: இவ்வளவு பேர் உட்காரக்கூடிய வேறு கால்பந்து மைதானம் நகரில் இல்லை. சென்னை நேரு ஸ்டேடியத்திலும் ஓடுபாதைக்கு நடுவில்தான் சென்னையின் எஃப்சி ஆடுகிறது.

வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

டொரன்டோவில் 1999இல் திறந்த ஸ்கோஷியாபேங்க் அரங்கத்தில் ஐஸ் ஹாக்கி அணி மேப்பிள் லீஃப்ஸும் கூடைப்பந்து அணி ராப்டர்ஸும் ஒரே தரையைப் பகிர்கின்றன. பனியை உருக்குவதில்லை. அதன்மேல் வெப்பம் கடத்தாத பலகைகளைப் பரப்பி, மேலே மரத்தளத்தைப் பூட்டுகிறார்கள். சில மணி நேர வேலை.

ஆனால் அங்கே இரண்டு அணிகளுக்கும் உரிமையாளர் ஒரே நிறுவனம். யாருக்கு எந்த நாள் என்பதை ஒரே அலுவலகம் முடிவு செய்யலாம். கன்டீரவா அரசு மைதானம். காலை 6 மணிக்கு ஸ்பைக்ஸோடு வரும் பள்ளி மாணவிக்கு டிக்கெட் வருமானமும் இல்லை, ஒளிபரப்பு ஒப்பந்தமும் இல்லை. நாட்காட்டியில் அவளுக்கான நேரத்தை அரசுதான் எழுதி வைக்க வேண்டும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் தோட்டக்காரர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்: எல்லோருக்கும் பொதுவான இடத்தில் எங்கள் பங்கு எது? அன்று அவர்கள் தோற்றார்கள். அவர்களுக்கு மிஞ்சியது ஒரு குளம்.