பாட்டாவின் எண்ணெய் உருளி

பாறசாலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் பாட்டா எண்ணெய் காய்ச்சுவார். வர்ம ஆசான். களியக்காவிளையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் அடிபட்டவர்கள் வருவார்கள். 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளை உள்ள விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு, இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. நாங்கள் கேரளத்தில் நின்றோம். சுளுக்கு விழுந்த கால் எல்லையைப் பார்க்குமா? வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

நல்லெண்ணெயில் நொச்சிச்சாறு வற்ற வேண்டும். அடியில் தங்கும் கசண்டை எடுத்து விரலில் உருட்டுவார். திரியாகத் திரண்டு, தீயில் காட்டும்போது சடசடக்காமல் எரிந்தால்தான் இறக்குவார்.

நான் ஆய்வகத்துக்குப் போனவள். மூலிகை வீக்கத்தைத் தணிக்குமா என்று பார்க்க அங்கே ஒரு சோதனை உண்டு. உப்பு குறைந்த நீரில் சிவப்பணு ஊதி வெடிக்கும், நீர் சிவக்கும். மூலிகைச்சாறு சேர்த்தால் அந்தச் சிவப்பு குறைகிறதா என்று 560 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். சிவப்பணுச் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு நடுவே கொலஸ்டிரால் செருகி நின்று அதை உறுதியாக்குகிறது. தாவரங்களில் அதற்குப் பங்காளி பீட்டா சிட்டோஸ்டிரால். நொச்சியிலும் நல்லெண்ணெயிலும் உண்டு. ஆனால் சோதனைக் குழாயில் கண்டதை வைத்து, பாட்டாவிடம் வந்தவர்களின் முழங்கால் வீக்கம் வற்றியதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

பாட்டா எண்ணெய் காய்ச்சிய வெண்கல உருளி என்னிடம்தான் இருக்கிறது. அடியில் கறுத்த வளையம். சுரண்டினால் இன்றும் நொச்சி மணக்கிறது.