கடலைக் கண்ட கண்



மாரி முடிந்து கடல் தெளிந்திருந்த ஒரு பங்குனி மாதக் காலை. மாணவர்கள் சிலரை முல்லைத்தீவுக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நெய்தல் திணையைக் கரும்பலகையில் படிப்பிப்பதைவிட மணலில் இருந்து படிப்பிப்பது நல்லது என்பது என் எண்ணம். பாடம் தொடங்குமுன்பே ஒரு மாணவி இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து நின்றாள். "சேர், கையில அள்ளினா ஒரு நிறமும் இல்லை. உந்த நீலம் எங்கால வருது?"

வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிகிறது என்று சொல்லிவிட்டு நான் தலைவன் தலைவிக்குப் போய்விட்டேன். எனக்கும் என் ஆசிரியர் அப்படித்தான் சொல்லித்தந்தார். அந்த விடை பிழையானது என்பதும், பிழை என்று 1921ஆம் ஆண்டிலேயே காட்டியவர் ஒரு தமிழர் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரியவந்தன. சேர் சி. வி. இராமன் என்றதும் 'இராமன் விளைவு' என்ற பெயரும் நோபல் பரிசும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவரை நிறத்தின் பின்னால் வாழ்நாள் முழுவதும் நடந்த ஒரு மனிதராகப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த நடையின் கடைசிப் பகுதியைப் பற்றிப் பேசுபவர்கள் இன்னும் குறைவு.

இவ்விடத்தில் தமிழாசிரியனுக்கு ஒரு சிறு உரிமை தாருங்கள். நம் பழம்புலவர்களுக்குக் கடல் பெரும்பாலும் கருங்கடல்தான். திருமாலைக் கடல்வண்ணன் என்ற அதே வாயால் கார்வண்ணன் என்றும் சொன்னோம். கறுப்பு, சிவப்பு என்ற சொற்கள் கோபத்தைக் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்று தொல்காப்பியம் உரியியலிலே சொல்கிறது. நிறம் என்பது பொருளில் இருக்கிறதா, பார்ப்பவனிடத்தில் இருக்கிறதா என்ற ஐயம் நமக்குப் புதிதன்று. இராமனின் வாழ்க்கை இந்த ஐயத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சென்ற வாழ்க்கை.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். தந்தையாரின் பணி நிமித்தம் விசாகப்பட்டினத்திலே சிறுவயது கழிந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே, 1906இல், ஒளி பற்றிய அவருடைய முதற் கட்டுரை இங்கிலாந்தின் ஆய்வு ஏடொன்றில் வெளியாயிற்று. ஆயினும் வயிற்றுப்பாட்டுக்கு அவர் போனது நிதித்துறைக்கு. 1907இல் கல்கத்தாவில் கணக்கு அதிகாரி. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபசார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்திலே பத்து ஆண்டுகள் உழைத்தார். 1917இல் அசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தபோது, குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்து அரசாங்க உத்தியோகத்தை விட்டார்.

இனிக் கடலுக்கு வருவோம். 1921இல் ஒக்ஸ்போர்ட்டில் நடந்த ஒரு மகாநாட்டுக்குச் சென்று நார்கண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த நீலம் நீருடையதன்று, தெறித்து வரும் வான நீலமே என்று 1910இல் ரேலி பிரபு சொல்லியிருந்தார். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதை உலகுக்கு விளக்கியவரே அந்த ரேலிதான். அவர் சொல்லுக்கு மறுசொல் இருக்கும் என்று யாரும் எண்ணவில்லை.

இராமனின் பெட்டியில் ஒரு நிக்கல் அரியம் இருந்தது. பளிங்குத் துண்டொன்றை வெட்டி ஒட்டிச் செய்த சிறு கருவி அது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட ஒரு சாய்வில் தெறித்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. அரியத்தை உரிய பக்கம் திருப்பினால் அந்தத் தெறிப்பொளி முழுவதும் அணைந்துவிடும். கப்பலின் மேற்றட்டில் நின்று இராமன் அதைத்தான் செய்தார். கடலின் முகத்திலிருந்து வானத்தைத் துடைத்துவிட்டார். நீலம் போகவில்லை, முன்னிலும் அடர்ந்து தெரிந்தது. 'கடலின் நிறம்' என்ற தலைப்பில் 'நேச்சர்' ஏட்டுக்கு அவர் எழுதிய கடிதம், பம்பாய்த் துறைமுகம், 1921 செப்டெம்பர் 26 என்று திகதியிடப்பட்டது. ஊர்போய்ச் சேரும்வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை.

நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் பிறக்கிறது என்பது அவருடைய முடிவு. அது முழு உண்மையன்று என்று இன்று அறிவோம். நீர் சிவப்பொளியைச் சிறிது சிறிதாக அகத்துறிஞ்சுகிறது. கையளவு தண்ணீரில் அது தெரியாது. பல பாகம் ஆழம் போனால் சிவப்பு தேய்ந்து நீலம் எஞ்சும். எஞ்சிய அந்த நீலத்தை மேலே திருப்பி அனுப்புவது சிதறல். ஆக, கேட்ட மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, "பிள்ளை, உன் கையிலும் நீலம் இருக்கிறது, காண்பதற்குப் போதாது" என்பதே.

கடலில் தொடங்கிய கேள்வி ஏழு ஆண்டுகள் ஆய்வுகூடத்திலே வளர்ந்தது. கே. ஆர். இராமநாதன், வெங்கடேசுவரன், கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்கள் திரவம் திரவமாகச் சோதித்தார்கள். சூரிய ஒளியைப் பெரிய வில்லையொன்றாற் குவித்து, ஊதாநிறக் கண்ணாடி ஒன்றினூடாகத் திரவத்துக்குள் விட்டனர். சிதறி வரும் ஒளிக்கு முன்னால் ஊதாவைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் கண்ணாடியை வைத்தனர். அப்படியானால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் ஒரு மெல்லிய ஒளி தெரிந்தது. போன நிறம் வேறு, வந்த நிறம் வேறு. 1928 பெப்ரவரி 28ஆம் திகதி நிறமாலைகாட்டியினூடாகப் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது. மூலக்கூறின் அதிர்வுக்கு ஒளி தன் சக்தியில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியேறுகிறது. அதே வாரங்களில் மொஸ்கோவிலும் லண்ட்ஸ்பேர்க், மண்டெல்ஸ்தாம் என்ற இருவர் இதைப் படிகங்களிலே கண்டிருந்தனர், வெளியிடுவதிற் பிந்தினர். 1930இல் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. கிருஷ்ணனின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்ற குறை இன்றுவரை உண்டு, அது நியாயமான குறை என்றே நான் கருதுகிறேன்.

இதிலே ஓர் அழகு இருக்கிறது. நீர் மூலக்கூறில் ஐதரசனும் ஒட்சிசனும் ஒன்றையொன்று இழுத்து விடுகின்ற அதிர்வுதான் கடலிலே சிவப்பை விழுங்குவது. இராமன் விளைவிலே நீர் தன்னைக் காட்டிக்கொள்வதும் அதே அதிர்வாலேதான். கப்பலில் அவர் பாதி கண்ட காரணத்தின் மறுபாதியைக் கேட்கும் செவியை, தான் அறியாமலே, அவர் 1928இற் செய்து வைத்தார்.

இருநூறு ரூபாய்க் கருவியால் நோபல் பரிசு என்று மேடைகளிலே சொல்வார்கள். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி ஆறுதற்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அந்த இருநூறு ரூபாய்க்குப் பின்னால், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கி அரை நூற்றாண்டு வளர்ந்த ஒரு கழகமும் அதன் கருவிகளும் நின்றன.

இனி அந்தக் கடைசிப் பகுதி. 1948இல் பெங்களூரிலே தன் பெயரால் அமைந்த ஆய்வு நிலையத்துக்குள் இராமன் புகுந்துகொண்டார். முத்து, மணிக்கற்கள், வண்ணத்துப்பூச்சியின் சிறகு, தோட்டத்து ரோசாப்பூ எல்லாவற்றையும் அவற்றின் நிறத்துக்காகவே சேர்த்தார். எழுபது வயதைக் கடந்தபின் அவருடைய கேள்வி பொருளிலிருந்து கண்ணுக்குத் திரும்பியது. நிறத்தை நாம் எப்படிக் காண்கிறோம்?

கண்ணிலே மூன்று வகை உணர்விகள் உண்டு, அவற்றின் கலப்பே எல்லா நிறமும் என்பது தோமஸ் யங் தொடக்கி ஹெல்ம்ஹோல்ற்ஸ் வளர்த்த கொள்கை. இராமன் இதை அடியோடு மறுத்தார். இளமையில் தன்னை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக அவரே குறிப்பிட்டது, ஒலியுணர்வு பற்றி அதே ஹெல்ம்ஹோல்ற்ஸ் எழுதிய நூலைத்தான். அந்தக் குருவோடுதான் முதுமையில் அவர் வாதிட்டார்.

அவருடைய முறை எளிமையானது. நிறக்கண்ணாடி ஒன்றினூடாக வெண்திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பது, பிறகு கண்ணாடியைச் சட்டென்று விலக்குவது. திரையிலே ஒரு பெரிய வடிவம் ஒரு கணம் தோன்றி மறையும். அது தன் விழித்திரையின் படமே என்றார். கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்து, மஞ்சளுக்குத் தனியிடம் உண்டு, மூன்று நிறக் கொள்கை பொய் என்று முடிவுகட்டினார். 1968இல் 'பார்வையின் உடற்றொழிலியல்' என்ற நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நிற விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுவினர் 1964இலேயே தனித்தனிக் கூம்புக் கலங்களினூடாக ஒளியைச் செலுத்தி அளந்து, மூன்று வகை இருப்பதைக் காட்டிவிட்டனர். அவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் வோல்ட் கண் பற்றிய ஆய்வுகளுக்காக 1967இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். இராமன் திரையிலே கண்டதிற் பெரும்பகுதி, விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட் பொருளின் நிழலும், களைத்த கண்ணில் எஞ்சும் சாயலுமே.

ஏன் தவறினார்? பிடிவாதம் என்பார்கள். பிடிவாதம் இருந்தது. ஆனால் ரேலியை மறுத்ததும் அந்தப் பிடிவாதந்தானே. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தொலைக்காட்சித் திரையிலே நாம் காணும் மஞ்சளில் மஞ்சள் ஒளி இல்லை, சிவப்பும் பச்சையும் அருகருகே எரிகின்றன. கண் அதையும் உண்மையான மஞ்சளையும் ஒன்றென்றே சொல்லும். கடலிலிருந்து வானத்தைப் பிரித்தெடுக்க ஓர் அரியம் போதும். தன் பார்வையிலிருந்து தன் கண்ணைப் பிரித்தெடுக்க அவரிடம் கருவி இல்லை. பிறர் கையிலிருந்த கருவியை அவர் நம்பவுமில்லை.

1968இலேயே இலண்டன் ரோயல் சொசைட்டியின் அங்கத்துவத்தையும் துறந்தார். 1970 நவம்பர் 21ஆம் திகதி காலமானார். பெங்களூர் நிலையத்துத் தோட்டத்திலேயே அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது.

இராமனைப் பற்றி வகுப்பிலே பேசும்போது 1930ஓடு நிறுத்துவதை நான் விட்டுவிட்டேன். சென்ற தவணை, ஊதாநிற ரொபி உறைகளைச் சேர்த்துக்கொண்டு, வெயில் விழுந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். அரை நிமிடம் கழித்து உறையை எடுக்கச் சொன்னேன். சிலர் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். நான்கைந்து பேர் சுவரின் நடுவிலே ஒரு மங்கிய வட்டம் வந்து போனதென்றார்கள். முன்வரிசைப் பொடியன் ஒருவன் சுவருக்குக் கிட்டப் போய், அந்த இடத்தைக் கையாலே தடவிப் பார்த்தான்.