டீசல் டிராக்டர் எஞ்சினில் மிஸ்ஸிங்கும் வெள்ளைப் புகையும்

மிஸ்ஸிங் என்பது டீசல் எஞ்சினின் ஒரு சிலிண்டரிலோ பலவற்றிலோ எரிபொருள் உரிய நேரத்தில் பற்றாமல் போவது. அப்போது எஞ்சின் சீராக ஓடாமல் குலுங்கும், இழுவை குறையும். பற்றாத டீசல் சூட்டில் ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறும்போது வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. ஆகவே இவ்விரண்டும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் சிலிண்டருக்கு டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். டீசல் அறவே போகாத சிலிண்டரும் மிஸ் அடிக்கும். ஆனால் புகை விடாது.

எரியும் முறை

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 16 முதல் 22 மடங்கு வரை அழுத்துவதால் எழும் சூட்டில்தான் டீசல் தானே பற்றுகிறது. இதற்கு மூன்று தேவை: போதிய அழுத்தம், நுண்துளிகளாகச் சிதறும் டீசல், சரியான நேரம். ஒன்று பிசகினாலும் டீசல் எரியாது. குளிர்நாடுகளில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. வெப்பமான சமவெளியில், எஞ்சின் சூடான பிறகும் அது நீடித்தால் கோளாறு என்றே கொள்ள வேண்டும்.

பழைய எஞ்சின்கள்: ஓர் எடுத்துக்காட்டு

பழைய டிராக்டர்களில் பரவலாகக் காணப்படுவது பெர்கின்ஸ் 3.152 வகை மூன்று சிலிண்டர் எஞ்சின். 91.4 மி.மீ. போர், 127 மி.மீ. ஸ்ட்ரோக், 2.5 லிட்டர் கொள்ளளவு கொண்டது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான மாஸி பெர்குசன் 35 வரிசை டிராக்டரில் முதலில் இருந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. 1959-இல் அதன் இடத்துக்குப் பெர்கின்ஸ் எஞ்சின் வந்தது. இந்தியாவில் மாஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரிக்கும் டாஃபே நிறுவனம் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று செத்தால் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடும். குலுக்கலும் நன்றாகத் தெரியும்.

புகையைப் பிரித்தறிதல்

வெள்ளையாகத் தெரிவது டீசல் ஆவியாகவும் இருக்கலாம், நீராவியாகவும் இருக்கலாம். டீசல் ஆவி கண்ணை எரிக்கும், நெடி வீசும். புகைக்குழாய்க்கு எதிரே குளிர்ந்த தகரத்தை இடுக்கியால் பிடித்தால் எண்ணெய்ப் பிசுக்கு படியும். நீராவி என்றால் வெறும் நீர்த்துளி படியும், நெடி குறைவு. ரேடியேட்டர் தண்ணீர் நாள்தோறும் குறைவது, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி எழுவது, ஆயில் பால்போல் வெளுப்பது ஆகியவை ஹெட் கேஸ்கட் போனதையோ, ஹெட் அல்லது லைனர் வெடித்ததையோ காட்டும். நீலப் புகை ஆயில் எரிவதன் அடையாளம். கறுப்புப் புகை காற்றுக் குறைவையோ மிகையான டீசலையோ காட்டும்.

செத்த சிலிண்டரைக் கண்டறிதல்

எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலுள்ள டீசல் பைப் நட்டையும் முறையே சிறிது தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் வேகம் உடனே தாழும். எந்த நட்டைத் தளர்த்தியும் ஓட்டம் மாறவில்லையோ, அதுவே செத்த சிலிண்டர். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த சற்று நேரத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராகச் சொட்டுத் தண்ணீர் விட்டும் பார்க்கலாம். செத்த சிலிண்டரின் பகுதியில் தண்ணீர் தாமதமாகவே சீறும்.

காரணங்களைச் சோதிக்கும் வரிசை

1. டீசல் வழி: முதலில் பில்டர் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியுள்ளதா எனப் பார்த்து வடிக்க வேண்டும். டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையிலான உறிஞ்சும் பக்கத்தில், டீசல் கசியாத இடத்திலும் காற்று புகும். பில்டர், பம்ப், இன்ஜெக்டர் நட்டு என்ற வரிசையில் ஏர் எடுக்க வேண்டும். காற்றுக் கோளாறு பெரும்பாலும் எல்லாச் சிலிண்டர்களையும் மாறி மாறிப் பாதிக்கும்.

2. நாசில் (இன்ஜெக்டரின் நுனி): செத்த சிலிண்டரின் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால், கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்பது தெரியும். மாறினால் குற்றம் நாசிலில்தான். மாற்றும்போது அடியிலுள்ள செம்பு வாஷரைப் புதிதாக இட வேண்டும். சிதறல், திறப்பழுத்தம், சொட்டு ஆகியவற்றைப் பம்ப்–நாசில் பட்டறையில் சோதிக்கலாம்.

3. பம்பும் டைமிங்கும்: சி.ஏ.வி. டி.பி.ஏ. போன்ற சுழல் பம்பில் ஒரே பிளஞ்சர் இணையே எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசல் தள்ளுகிறது. எனவே ஒரு சிலிண்டர் மட்டும் சாவதற்குப் பிளஞ்சர் தேய்மானம் காரணமாவது அரிது. இன்லைன் பம்பில் சிலிண்டருக்கொரு எலிமென்ட் இருப்பதால் அது நேரக்கூடும். டைமிங் பின்தங்கினால் எல்லாச் சிலிண்டர்களிலிருந்தும் வெள்ளைப் புகை வரும்; பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு இப்படி வந்தால் முதலில் ஐயுற வேண்டியது இதையே.

4. கம்ப்ரஷன்: இன்ஜெக்டரை மாற்றியும் கோளாறு அதே சிலிண்டரில் நின்றால், டேப்பட் இடைவெளியைச் சரிபார்த்துக் கம்ப்ரஷன் அளக்க வேண்டும். அளவை விடச் சிலிண்டர்களுக்கிடையிலான வேறுபாடே முக்கியம். சிலிண்டரில் சில துளி ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது லைனர் தேய்ந்திருக்கும். ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ காரணமாகலாம். நெடுநாள் ஓடாமல் நின்ற டிராக்டரில் வால்வு ஒட்டிக்கொள்வதும் ரிங் இறுகுவதும் உண்டு. சூடானதும் மிஸ்ஸிங் மறைந்தால் கம்ப்ரஷன் குறைவை ஐயுறலாம்.

பாதுகாப்பு

ஓடும் எஞ்சினில் டீசல் பைப்பின் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. உயர் அழுத்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளிக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நட்டைத் தளர்த்தும்போது துணி சுற்றி, கண்ணாடி அணிய வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

கவனிக்காவிட்டால்

எரியாத டீசல் லைனரின் ஆயில் படலத்தைக் கழுவி, கீழிறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் பேரிங்குகள் தேயும். டிப்ஸ்டிக்கில் அளவு உயர்ந்து காட்டும். சொட்டும் நாசில் காலப்போக்கில் பிஸ்டன் தலையை எரித்து ஓட்டையாக்கவும் கூடும். செத்த சிலிண்டர் எதுவென்று தெரியும் முன்பே எஞ்சினைப் பிரிப்பதே இந்தக் கோளாறில் வீண் செலவுக்கு முதற்காரணம்.