ஓடும் மேசை, உருளாத பந்து: சுதாகரின் விளையாட்டு வாகனங்கள் குறித்து

ஹைதராபாத்தில், மென்பொருள் பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகள் மாடிக்கு மாடி தொங்கும் அமீர்பேட்டிலிருந்து தெற்கே சென்று மூசி ஆற்றைக் கடந்தால் பகதூர்புரா. நேரு விலங்கியல் பூங்காவுக்கு அருகில், கே. சுதாகர் 2010இல் திறந்த சுதா கார் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. கத்தரிக்காய், பர்கர், கைப்பை, உதட்டுச்சாயம் எனப் பல வடிவங்களில் ஓட்டக்கூடிய வாகனங்களை அவர் காயலான் கடைச் சாமான்களைக் கொண்டே உருவாக்கியிருக்கிறார். 2005இல் அவர் செய்த 41 அடி 7 அங்குல உயர மூன்று சக்கர மிதிவண்டி உலகிலேயே பெரியதெனக் கின்னஸில் பதிவானது. சாதனை, விநோதம் என்பதோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கால்பந்து, ஸ்னூக்கர் மேசை போன்ற வடிவங்களில் அவர் செய்த விளையாட்டு வாகனங்களைப் பாப் கலையாக வாசிக்க இடமுண்டு; விளையாட்டின் ஒழுங்கை அவை கேலியாக விசாரிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

அன்றாடப் பொருளைப் பெரிதாக்கிப் பொதுவெளியில் நிறுத்திய பாப் கலைஞர்களில் முதன்மையானவர் கிளேஸ் ஓல்டன்பர்க். 1977இல் சிகாகோவில் சுமார் 100 அடி உயர பேஸ்பால் மட்டையை எஃகில் எழுப்பினார். 1994இல் கூஸியே வான் ப்ருகனுடன் இணைந்து கான்சஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகப் புல்வெளியில் நான்கு ராட்சத இறகுப்பந்துகளை வைத்தார். அருங்காட்சியகக் கட்டடமே வலையாயிற்று. பறக்கவேண்டியது டன் கணக்கில் கனத்துக் கிடப்பதில்தான் அங்கே நகைச்சுவை. ஓல்டன்பர்க் பொருளின் அசைவைப் பறிக்கிறார். சுதாகரோ எஞ்சின் பூட்டி, அதற்குச் சற்றும் பொருந்தாத அசைவைக் கொடுக்கிறார்.

கால்பந்து வாகனத்தில் பந்து உருள்வதில்லை. அடியிலுள்ள சக்கரங்களே உருள்கின்றன. பிறர் உதைக்கும் திசையில் போகவேண்டிய பந்துக்குள் ஓட்டுநர் உட்கார்ந்து திசையைத் தானே முடிவு செய்கிறார்.

ஸ்னூக்கர் மேசை வாகனம் இன்னும் ஆழமான முரண். மயிரிழை சரிந்தாலும் ஆட்டம் கெட்டுவிடும் என்பதால், கற்பலகை பதித்த அந்த மேசை அசையவே கூடாது. இந்த ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடையே தோன்றி, 1882இல் உதகை கிளப்பில் விதிகள் பெற்றதாகக் கூறப்படுகிறது. உறுப்பினரல்லாதவருக்கு வாசல் திறக்காத கிளப்பின் மேசை, பழைய இரும்பில் மறுபிறப்பெடுத்துத் தெருவுக்கு வருகிறது. ஆடுவதற்கு உதவாத அந்த மேசையை யாரும் வேடிக்கை பார்க்கலாம்.

இதெல்லாம் நம் கற்பனை என்று மறுக்கலாம். சிகரெட் வாகனம் புகைக்கு எதிராகவும், ஆணுறை வாகனம் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகவும் வெளிப்படையாகப் பேசுகின்றன. விளையாட்டு வாகனங்களில் அப்படி நேரடியான செய்தி இல்லை. அவை ரசிக உற்சாகத்தில் பிறந்தவையாகவே இருக்கலாம். ஆனால் படைத்தவரின் நோக்கத்தோடு படைப்பின் பொருள் முடிந்துவிடுவதில்லை. பிரச்சாரம் இல்லாத இடத்தில்தான் வடிவம் தானாகப் பேசுகிறது.

வடிவத்தின் இந்தப் பேச்சு வாகனம் ஓடும்போதுதான் கேட்கும். கூடத்தில் நிறுத்திவைத்த கால்பந்து வெறும் பெரிய பந்து. ஆகவே இவற்றை ஆவணப்படுத்துவோர் நிழற்படத்தோடு நின்றுவிடாமல், தெருவில் ஓடும் காட்சியையும், எந்தப் பழைய பாகம் எங்கே பொருத்தப்பட்டது என்ற விவரத்தையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.