புதுக்கோட்டையில் மிதிவண்டி இயக்கம்

வடபுலத்தில் வாழும் நம்மவரிடையே புதுக்கோட்டைச் சீமையைப் பற்றிப் பேச்செழுந்தால், தொண்டைமான் மன்னர்களும் சித்தன்னவாசல் ஓவியங்களுமே முதலில் நினைவுக்கு வரும். 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமான அந்நிலத்தில், 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியை நாம் இங்கு எழுத விழைகின்றோம். எந்தக் கல்வெட்டிலும் அதனைக் காண இயலாது.

அந்நாளில் அங்கே அறிவொளி இயக்கம் நடைபெற்று வந்தது. ஊதியம் கருதாத தொண்டர்கள் ஊர்தோறும் சென்று, எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிவித்தனர். அவர்களுள் பெண்கள் மிகப் பலர். வறண்ட நிலம், சிற்றூர்களோ விலகி விலகிக் கிடப்பவை, பேருந்துக்குக் காத்திருந்தே பொழுது கழியும். பாடம் சொல்லப் போகின்றவள் தந்தையின் துணையையோ கணவனின் துணையையோ எதிர்பார்த்து நின்றால், இயக்கம் எங்ஙனம் இயங்கும்? மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், மிதிவண்டிப் பயிற்சியையும் அறிவொளிப் பணியின் ஒரு கூறாக்கினார்.

ஓட்டத் தெரிந்தவர் தெரியாதவரின் வண்டியைப் பின்னின்று பிடித்துக்கொண்டனர்; கற்றவள் மறுவாரமே மற்றொருத்திக்கு ஆசிரியையானாள். வயலில் கூலி வேலை செய்வோரும், கல்லுடைக்கும் மகளிரும், சிற்றூர்ச் செவிலியரும், பள்ளி ஆசிரியைகளும் கற்றனர். ஏளனம் செய்த ஆடவர் இல்லாமலில்லை. சேலை கட்டியவள் சைக்கிள் ஏறுவதா என்னும் கேள்வி நம் ஊர்களுக்குப் புதிதன்றே! 1992 மார்ச்சு 8-ஆம் நாள், உலக மகளிர் நாளன்று, ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியொலித்துப் புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் வந்தனர். கேள்விக்கு விடை அதுவே போலும்.

கற்றால் போதுமா, வண்டி வேண்டாவா? ஏழைப் பெண் ஒரே தவணையில் விலை கொடுக்க இயலாதவள். ஆதலின் வண்டி வாங்க அவர்களுக்குக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இதனை நேரில் கண்டெழுதிய பத்திரிகையாளர் பி. சாயிநாத், ஒரு சுவையான செய்தியைக் குறிக்கின்றார். மகளிர்க்கென அமைந்த வண்டிகள் கடைகளில் போதாமற் போகவே, பலர் ஆடவர் ஓட்டும் வண்டிகளையே வாங்கினராம். முன்னிருக்கும் குறுக்குத் தண்டில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதனால் அதனையே விரும்பியவரும் உண்டு. குழந்தையை முன்னேயும் விளைபொருளைப் பின்னேயும் ஏற்றிச் செல்லலாயினர். இத்தகைய எளிய கணக்கை எந்த அலுவலகமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

பின்னாளில் தமிழக அரசு பள்ளி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கியது. நமக்கு அண்மையிலுள்ள பீகாரில், 2006-ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு வண்டி வாங்கப் பணம் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் புதுக்கோட்டையிலிருந்து பிறந்தவை என்று நாம் கூற முற்படவில்லை. ஆயினும், அங்கே வண்டி வருவதற்கு முன்னரே, அதனைப் பின்னின்று பிடித்துக்கொள்ள ஒருத்தி வந்து நின்றாள்.